பதினெட்டுப் படிவம், ஒரே நம்பர்

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டு அலுவலகம் கொடுத்தது. படிவத்தில் அடங்காததை எல்லாம் இதில் எழுத வேண்டுமாம். ஒன்பது வருடமாக ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு நோட்டுக் கொடுக்கிறார்கள், ஒருவரும் திரும்பக் கேட்டதில்லை. போன நோட்டில் பாதிக்கு மேல் மார்கழிக் கோலம்தான் இருக்கிறது.

இந்தத் தடவை ஆராய்ச்சி, பெண்கள் கைபேசியையும் இணையத்தையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது. தூத்துக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மூன்று வாரத்துக்குள் இருநூறு பெண்களைப் பார்த்துக் கேள்வி கேட்டு, அலுவலகம் கொடுத்த டேப்லெட்டில் பதிய வேண்டும். சென்னையிலிருந்து நந்தகோபன் சார் போனில் பேசினார். "உலகம்மா, இருநூறும் சுத்தமா வந்துச்சுன்னா மாவட்ட மேற்பார்வையாளர் வேலைக்கு உங்க பேரைத்தான் எழுதப் போறேன். தப்பு இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எனக்கு வயது நாற்பத்து மூன்று. இனியும் தினக்கூலிக் கணக்கெடுப்பாளராக வெயிலில் அலைய முடியாது. அந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

பயிற்சிக்காக என்னையே கேள்வி கேட்டு ஒரு படிவம் நிரப்பினேன். பதினோராம் கேள்வி: உங்கள் கைபேசி எண் உங்களுக்கு மனப்பாடமா? பதினான்காம் கேள்வி: உங்களுக்கு வரும் முக்கியமான செய்திகள் யாருடைய போனுக்கு வருகின்றன? இரண்டுக்கும் 'பொருந்தாது' என்று போட்டேன். பயிற்சிப் படிவம்தானே.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் சிலிண்டர் வந்தது. கொண்டு வந்த தம்பி போனுக்கு வந்த எண்ணைக் கேட்டார். எண் என் வீட்டுக்காரர் போனுக்கு வந்திருக்கும், இவரோ பஸ் டெப்போவில் டைம் கீப்பர் மேஜையில் இருந்தார். மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சிலிண்டர் வந்த வழியே திரும்பிப் போனது. அரை மணி கழித்து இவரிடமிருந்து ஒரு கும்பிடு படம் வந்தது. இவருக்கு எல்லாவற்றுக்கும் கும்பிடு படம்தான். பிறந்த நாள், இரங்கல், கரண்ட் பில், எது வந்தாலும் இரண்டு கையையும் கூப்பி அனுப்பிவிடுவார்.

மதியம் வரை டவுன் ஓரத்தில் பதினாறு படிவம். ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம். பதினான்காம் கேள்விக்கு "எல்லாம் அவிய போனுக்குத்தான் வரும்" என்றது. பாவமாக இருந்தது. இந்தக் காலத்திலும் இப்படி இருக்கிறதுகள். 'குறைந்த திறன்' என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

முள்ளிக்கரை உப்பளம். விடியற்காலை மினி பஸ் பிடித்துப் போய் இறங்கி, வரப்பு மேலேயே கொஞ்ச தூரம் நடந்தேன். பதினேழு பெண்கள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாவது ஆள் ஜெபக்கனி. அவள் காலில் உப்புத் தண்ணீர் புண் ஆறவில்லை என்பதால் நடுவில் உள்ள ஓலைக் கொட்டகையில் சமையல் பார்க்கிறாள்.

முதலில் வந்தவள் சுடலைவடிவு. ஐம்பது வயதிருக்கும். கடைசிப் பாத்தியிலிருந்து வரப்பில் கால் வழுக்காமல் மெதுவாக நடந்து வந்து சேர்ந்தாள். ஏழாம் கேள்வி: உங்களிடம் சொந்தமாக ஸ்மார்ட்போன் இருக்கிறதா? "எனக்கு எங்க இருக்கு" என்றாள். நான் 'இல்லை'யை அமுக்கினேன். 'நேர்காணல் முடிந்தது, நன்றி' என்று எழுத்து வந்தது. இல்லை என்றால் இந்த டேப் அவ்வளவுதான், மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"இதுக்கா என்னைய அங்கன இருந்து நடக்க வச்சிய? போன் இல்லன்னா நான் மனுஷி இல்லயாக்கும்?"

எனக்கு முகம் சிறுத்துப் போயிற்று. அடுத்து ஐந்து பேர், ஐந்து நன்றி. ஏழாவது ஆளைக் கூப்பிடும்போது கொட்டகைக்குள் ரயில் கூவியது. சத்தியமாக ரயில்தான். தண்டவாளம் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் கடைசிப் பாத்தியில் சுடலைவடிவு உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு, என்னிடம் வந்ததைவிட மூன்று பங்கு வேகமாகக் கொட்டகைக்கு வந்தாள்.

கொட்டகையில் ஒரு எவர்சில்வர் குடம். அதற்குள் ஒரு ஸ்மார்ட்போன். சத்தம் அளம் முழுக்கக் கேட்பதற்காகக் குடம். ஜெபக்கனி போனை எடுத்துச் சுடலைவடிவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள், ஏனென்றால் சுடலைவடிவின் கையெல்லாம் உப்பு. ஈரக் கைக்கும் உப்புக் கைக்கும் அந்தத் திரை மசியாதாம்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு சத்தம் வச்சிருக்கேன்க்கா. வடிவு அக்கா மவன் போட்டா ரயிலு. எஸ்தர் வீட்டுல போட்டா கோயில் மணி. குயிலு, தவளை, பச்சப்புள்ள அழுகை எல்லாம் இருக்கு. எம்பொறுப்புல இருக்கு, அவ்வளவுதான். போனு எல்லாருக்கும் பொது" என்றாள் ஜெபக்கனி.

போன தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து வாங்கியதாம். பிள்ளைகளின் ஸ்கூல் செய்தி, ஆஸ்பத்திரி டோக்கன், மழை வருமா என்று பார்ப்பது, எல்லாம் அந்தக் குடத்துக்குள் நடக்கிறது. நான் ஆறு பேரை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் தோசைக்கல் காயும் நேரத்தில் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஏழாம் கேள்விக்கு விளக்கம்: சொந்தம் என்றால் தனக்கோ தன் குடும்பத்துக்கோ உரிமையானது. குடும்பம் என்றால் என்ன? அதற்கும் விளக்கம் இருந்தது: ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தோசை கருகியது, பரவாயில்லை.

நேராக முள்ளிக்கரைக்குப் போனேன். "மத்தியானச் சோறு எங்கே பொங்குறீங்க?" என்று கேட்டேன். "இங்கனதான், ஒரே பானை" என்றார்கள். முடிந்தது. பதினெட்டுப் பேரையும் முதலிலிருந்து கேட்டேன். ஏழாம் கேள்விக்குப் பதினெட்டு 'ஆம்'. பதினோராம் கேள்விக்குப் பதினெட்டுப் பேரும் அந்த நம்பரைப் பாட்டுப் போலச் சொன்னார்கள். சுடலைவடிவு கடைசி நான்கு எண்ணை இரண்டு தடவை சொல்லி, நான் சரியாக எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தாள். இந்த ஊரில் ஒருத்தருக்குக்கூடக் குறைந்த திறன் இல்லை.

கிளம்பும்போது ஜெபக்கனி என் நம்பரைக் கேட்டாள். கடகடவென்று சொன்னேன். மத்தியானம் அவர்களோடு சோறும் கருவாட்டுக் குழம்பும். வயிறும் மனசும் நிறைந்து வந்தேன்.

மார்ச் 8, சனி

மாவு அரைத்தேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. இவர் ஆளை வரச் சொல்லியிருக்கிறாராம்.

மார்ச் 12, புதன்

நூற்று முப்பத்தொன்று முடிந்தது. குழாய் இன்னும் சொட்டுகிறது. குழாய்க்காரர் கூப்பிட்டாராம், இவர் எடுக்கவில்லையாம், அவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

மார்ச் 17, திங்கள்

பக்கத்து ஊருக்குப் போகிற வழியில் முள்ளிக்கரையில் இறங்கினேன். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். ஜெபக்கனி என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, நீங்க வர மாட்டியளோன்னு நெனச்சோம்" என்றாள்.

விஷயம் இதுதான். போன செவ்வாய் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சுடலைவடிவைக் கேட்டிருக்கிறாள். சரிபார்ப்பதற்காகக் கூப்பிடுவது வழக்கம்தான். ஜெபக்கனி, "அவிய பாத்தியில நிக்காவ, இருங்க கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் புண் காலோடு வரப்பில் போவதற்குள் போன் கட்டாகிவிட்டது. மறுபடி அழைப்பு, இப்போது எஸ்தர் வேண்டும். எடுத்தது ஜெபக்கனி. மறுபடி அழைப்பு, வேறொருத்தி வேண்டும். எடுத்தது ஜெபக்கனி. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அந்தப் பெண், "நீங்க ஒருத்தரே எத்தனை பேருக்கு நடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம்.

"மறுநாளே ஒங்க நம்பருக்கு அடிச்சேன்க்கா. ஒரு அண்ணாச்சி எடுத்தாவ. அவ வந்ததும் சொல்லுதேன்னாவ."

அன்றைக்கு நான் கடகடவென்று சொன்னது இவர் நம்பர். அங்கே நின்றே என் போனிலிருந்து அலுவலகத்துக்குப் பேசினேன். நந்தகோபன் சார் கூட்டத்தில் இருந்தார். அந்தப் பெண்தான் பேசினாள். ஒரே நம்பரில் பதினெட்டுப் படிவம் இருப்பதால் வீட்டில் உட்கார்ந்து நான் கற்பனையாக நிரப்பியதாக முடிவு செய்துவிட்டார்களாம். "மூணு நாள்ல விளக்கம் குடுங்கன்னு செவ்வாய்க்கிழமையே மெசேஜ் போட்டோம் மேடம். விளக்கம் இல்லன்னா பட்டியல்ல இருந்து பேர் எடுத்துடுவோம்னும் போட்டிருந்தோம். நீங்க கும்பிடு போட்டு அனுப்பிட்டீங்க. ஒத்துக்கிட்டீங்கன்னு நெனச்சோம்."

ஒன்பது வருடம். ஒரு படிவத்தில்கூட நான் பொய் எழுதியதில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். சுடலைவடிவு உப்புக் கையோடு பக்கத்தில் வந்து நின்றாள். விவரத்தை எல்லாம் கேட்டுவிட்டு ஜெபக்கனி சொன்னாள்:

"எங்க பதினெட்டு பேருக்கு முழுசா ஒரு போன் இருக்குக்கா. ஒங்க ஒருத்தருக்கு அரை போன்கூட இல்லயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதே நாள், சாயங்காலம்

இவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்துச்சாமே?"

"வந்துச்சு. இங்கிலீஷ்ல என்னமோ நீளமா. அதான் பதில் போட்டுட்டனே."

"ஒரு பொண்ணு போன் பண்ணுச்சாமே?"

"ஆமா, சொல்ல மறந்துட்டேன் உலகு." டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த வேலையில என்ன இருக்கு. வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போயிட்ட. விட்டுட்டா என்ன?"

செய்தி இங்கிலீஷில் இருந்தது. இவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும், டெப்போவில் மனு எல்லாம் இவர்தான் எழுதிக் கொடுப்பார். ஆனால் வேலை அலுப்பில் சரியாகப் படித்திருக்க மாட்டார். அப்படித்தான் இருக்கும். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மாவு புளித்துவிடும் என்று எழுந்து போய் இட்லி ஊற்றினேன். இவர் நான்கு சாப்பிட்டார், நான் இரண்டு.

மார்ச் 18, செவ்வாய்

நந்தகோபன் சாரைப் பிடித்துவிட்டேன். ஒரே ஒரு தடவை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றேன். நாளைக் காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு. அதுவும் தோற்றால் நீங்கள் பேரை எடுக்க வேண்டாம், நானே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

பத்து மணிக்குக் கஞ்சி குடிக்கிற நேரம். எல்லாரையும் கொட்டகையில் உட்கார வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். சுடலைவடிவு ஒத்துக்கொள்ளவில்லை. "போட்டோவுக்கு நிக்க மாதிரி நிக்கதுக்கா? எப்பவும் போல வேலையப் பாப்போம். வந்து பாக்கவரு பாக்கட்டும்" என்றாள். எஸ்தரும் இன்னும் இரண்டு பேரும் பாத்திக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

என் போனிலிருந்து சாரை அழைத்தேன். சார் முகம் வந்தது. வந்ததும் முதல் கேள்வி எனக்குத்தான்.

"இது யார் நம்பர் உலகம்மா? எங்க லிஸ்ட்ல உங்க பேருக்கு வேற நம்பர் இருக்கே."

"என்னோடது சார்" என்றேன். "லிஸ்ட்ல இருக்கிறது எங்க வீட்டுக்காரர் நம்பர்."

"ஒன்பது வருஷமாவா?"

"ஆமா சார்."

கொட்டகையில் இருந்த பதினைந்து பேர் காதிலும் அது விழுந்தது. பிறகு குடத்தைக் காட்டினேன், குடத்துக்குள் இருந்த போனைக் காட்டினேன். சார் ஒவ்வொருத்தியாக முன்னால் வரச் சொல்லி, "இந்தப் போன் யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடது" என்றாள் சுடலைவடிவு.

"என்னோடது" என்றாள் அடுத்தவள்.

"என்னோடதுதான் சார்" என்றாள் மூன்றாமவள். ஆறாவது ஆளில் சார் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "எல்லாரும் சொல்லி வச்சுப் பேசுறதா இருந்தா?" என்று கேட்டார். அவர் வேலை அது, குறை சொல்ல முடியாது.

அப்போது குடத்துக்குள் கோயில் மணி அடித்தது.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் போனைப் பாத்திப் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான். தூரத்தில் நான்கு பாத்தி தள்ளி எஸ்தர் தலையிலிருந்த உப்புச் சட்டியை இறக்கினாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். வரப்பு மேலே விறுவிறுவென்று வந்தாள். மற்ற இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அது அவர்கள் மணி இல்லை. ஜெபக்கனி போனை எஸ்தர் காதில் வைத்தாள். "மத்தியானப் பரீச்சைக்குக் கெளம்பிட்டியா? நல்லா எழுது" என்றாள் எஸ்தர்.

சார் ஜெபக்கனியிடம், "எங்க ஆபீஸ் நம்பருக்கு என்ன சத்தம் வச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

"புது நம்பருக்கு எல்லாம் சாதா சத்தம்தான் சார். அதுக்கு யாரும் எந்திரிக்க மாட்டாவ. லோன் வேணுமான்னு கேக்கவன்தான் அதுல வருவான்."

"எங்களுக்கும் ஒண்ணு வைங்கம்மா" என்றார் சார்.

தவளை வைத்திருக்கிறாள். அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

பதினெட்டும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மாநிலம் முழுக்கப் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறார்கள்: இந்தப் போனை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? போட்டுப் பார்த்தேன். கட்டத்தில் ஓர் இலக்கம்தான் விழுகிறது, ஒன்பதுக்கு மேல் ஏறவில்லை. உடனே சாருக்குப் பேசினேன். "உங்களோட பெரிய தொல்லை உலகம்மா" என்று சொல்லிவிட்டு மாலைக்குள் சரிசெய்துவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

அலுவலகத்தில் என் நம்பரை மாற்றிக் கொடுத்தேன். பிறகு கேஸ் ஏஜென்சி, பிறகு பாங்க். பாங்கில் இருந்த பெண் "நம்பர் சொல்லுங்க மேடம்" என்றதும் வாயில் இவர் நம்பர்தான் வந்தது. என் நம்பரைப் போன் கவரில் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்துச் சொன்னேன். திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா நான் ஜெபம் பண்ணுவதாக நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்.

இவரிடம் சாயங்காலம் சொன்னேன். "ஏன், நான் பாத்துக்கிட்டதுல என்ன குறை?" என்றார். "ஒரு குறையும் இல்லை, இனிமே எனக்கு வாறத நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். முகம் தூக்கி வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். பத்து நிமிடத்தில் என் போனுக்கு ஒரு கும்பிடு படம் வந்தது. கோபமா, சம்மதமா, மன்னிப்பா தெரியவில்லை. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

இருநூறும் முடிந்தது. சிலிண்டர் வந்தது. எண் என் போனுக்கு வந்தது. தம்பி கேட்பதற்கு முன்பே சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். குழாய்க்காரரையும் நானே கூப்பிட்டேன். இப்போது சொட்டவில்லை.

அன்றைக்குப் 'பொருந்தாது' என்று போட்ட பயிற்சிப் படிவம் டேப்பில் இன்னும் கிடந்தது. அழித்துவிட்டு முதலிலிருந்து நிரப்பினேன். பதினொன்று: ஆம். பதினான்கு: என்னுடைய போனுக்கு, 21-ஆம் தேதி முதல்.

மார்ச் 28, வெள்ளி

ஜெபக்கனி காலுக்கு மருந்து வாங்கி வைத்திருந்தேன், அதைக் கொடுக்க முள்ளிக்கரைக்குப் போனேன். நேற்றே என் சொந்த நம்பரைச் சொல்லியிருந்தேன். எனக்கு என்ன சத்தம் வைத்தாய் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. "போட்டுப் பாத்தா தெரியும்" என்றாள்.

மினி பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டில் நிற்கும்போது போன் குலுங்கியது. அலுவலகச் செய்தி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக நானே படித்தேன். மாவட்ட மேற்பார்வையாளர், ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல், உலகம்மாள் ஆறுமுகநயினார். மறுபடியும் படித்தேன். இவரிடம் இன்று இட்லி ஊற்றும்போது சொல்ல வேண்டும், இவர் சந்தோஷப்படுவார், பட்டுத்தான் ஆக வேண்டும்.

யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. ரோட்டில் நின்றபடியே குடத்துக்கு அடித்தேன்.

அளத்துக்கு நடுவில் சேவல் கூவியது. வெள்ளை வெளேரென்று கிடந்த பாத்திகளுக்கு மேலே அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் வந்தது. ஒருத்தி நிமிர்ந்தாள், பிறகு அடுத்தவள், பிறகு எல்லாரும். ஒரு சத்தத்துக்கு ஒருத்தி வருவதுதான் அங்கே வழக்கம். என் சேவலுக்குப் பதினேழு பேரும் பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகையைப் பார்த்து நடந்தார்கள்.